மணப்பெண் நடக்கும் மெட்டு

சாமு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீ சுகமா என்றுதான் தொடங்க வேண்டுமாம். "மொதல்ல நல்ல வார்த்த நாலு எழுதுங்க, அப்புறமா உங்க கச்சேரிய வெச்சிக்கங்க" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்தே உத்தரவு போட்டுவிட்டாள். சரி. அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை. முருங்கை பூத்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தன் போனுக்குப் பூட்டு போட்டிருக்கிறார், ஆனால் உனக்கென்றால் சாவி தருவேன் என்கிறார். அண்ணனூர் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்குக் கூரை போடுவதாகச் சொல்லிச் சொல்லியே இன்னொரு மழைக்காலம் வந்துவிட்டது. நல்ல வார்த்தை நாலும் ஆயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன். நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு உன் கல்யாணத்தில் நின்றால் போட்டோவில் தெரிந்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நீ புனேயிலிருந்து தபாலில் அனுப்பிய கல்யாண ஆராதனை ஒழுங்குத் தாளை அச்சடிக்கக் கொடுக்க அம்பத்தூருக்குப் போனேன். உன் கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது. அச்சகத்துக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். "இன்னா சார் இது? மணமகள் வருகை, கீபோர்டுன்னு போட்டு, பக்கத்துல பென்சில்ல 'அப்பா'ன்னு எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுகீது. இத அப்டியே அடிச்சுடட்டா? அப்பா வர்றாரா இல்லியான்னு அவங்களுக்கே டவுட்டா?" என்றார். அந்த அப்பா நான்தான் என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நீயே சொல்லு சார், வர்றியா இல்லியா?" என்றார். காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டபோதுதான் விஷயம் முழுக்க வெளியே வந்தது. நீ போனில் அவளிடம் சொல்லியிருக்கிறாய். "புத்தகத்துல இருக்கிற மாதிரியே வாசிக்கிறதா இருந்தா அப்பா வாசிக்கட்டும்மா. இல்லன்னா கீபோர்டு பையன் இருக்கான்." அந்த 'இருந்தா'வைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக வாத்தியம் ஊதுகிறேன். கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல், டிரம்பெட் என்று எதைக் கையில் கொடுத்தாலும் அதில் ஒரு சத்தம் எடுத்துக் காட்டுவேன். பெற்ற பிள்ளை கல்யாணத்தில் ஊத எனக்கு நிபந்தனை. அதையும் நேரே சொல்லாமல் அம்மா வழியாக. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று என்னிடமே சொல்லித் தொலைத்திருக்கலாமே. நீ கட்டிக்கொள்ளப்போகிற கிரேஸிடமும் இப்படி ஆள் வைத்துச் சொல்லி அனுப்பாதே. நீ அவளிடம் சொல்ல வேண்டியதை அவள் தம்பி வாயால் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நீ எனக்கு இந்த நிபந்தனை போடக் காரணம் இருக்கிறது. அதை நான் மறந்துவிட்டதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், நான் ஏன் இப்படி ஆனேன் என்பதை நீ ஒரு தடவையாவது என் வாயால் கேட்க வேண்டும். பூந்தமல்லியில் பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்ட கிளாரினெட்தான் எனக்கு ஆரம்பம். மின்சார ரயில் கார் ஷெட்டில் வேலை கிடைத்த பிறகு, சனி ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் பார்ட்டியில் வாசித்தேன். திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக்காரன் வீட்டுக் காதுகுத்து, எல்லாம் போவோம். சினிமாப் பாட்டில் நடுவே வரும் இசையை ஒரு மூச்சுகூடப் பிசகாமல் வாசிக்க வேண்டும். கீழே இறங்கினால் யாராவது ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்டியே ரெக்கார்டு போட்ட மாதிரியே இருந்திச்சு சார்" என்பார். அதுதான் பெரிய பாராட்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ரெக்கார்டு மாதிரி வேண்டும் என்றால் ரெக்கார்டையே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? பத்து வருஷம் அந்த மேடைகளில் நின்றேன். என் பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்போதுதான் ரூபன் மாமா வந்தான். அந்தப் பார்ட்டிக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த கப்பல்காரர் ஒருவர் கொடுத்ததென்று ஒரு கேசட் கொண்டுவந்தான். அட்டையில் பெயர்கூட இல்லை. போட்டுக் கேட்டோம். ஒருவன் சாக்ஸபோனில் அழுகிறான், திட்டுகிறான், சிரிக்கிறான், மூச்சு வாங்குகிறான். மெட்டு இல்லை, எண்ணிக்கைக்குள் அடங்கிய தாளம் இல்லை. டிரம்ஸ்காரன் அவனோடு சண்டை போடுகிறான், உடனே சமாதானமும் ஆகிறான். அதற்கு ஃப்ரீ ஜாஸ் என்று பெயர் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முன்கூட்டி எதையும் எழுதி வைக்காமல், எதிரில் இருப்பவன் வாசிப்பதைக் கேட்டு அந்த நிமிஷத்தில் பதில் வாசிக்கிற இசை. கேசட் முடிந்ததும் ரூபன், "மாமே, இவன் இன்னா வாசிக்கிறான்னே பிரியல. ஆனா நிறுத்திட்டானேன்னு கீது" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரமே லைட் மியூசிக் பார்ட்டியை விட்டேன். உன் அம்மா அன்றைக்குத் திட்ட ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டதும், மெஷின்கள் ஓயும் அந்தப் பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வாசிப்போம். ஷெட்டில் ரயில்பெட்டிக்கு அடியில் கம்ப்ரஸர் இழுத்து இழுத்து ஓடுமே, அந்தச் சத்தத்தை சாக்ஸபோனில் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. வந்த அன்றைக்கு ராஜா மாதிரி நடந்து வெளியே வந்தேன். வாசலில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "இன்னா வாத்யாரே, ஒவ்வொரு வாரமும் வந்து ரிப்பேர் பண்ணிகினு கீறியே, இன்னும் சரியாவலியா அது? பேசாம புச்சா ஒண்ணு வாங்கிடேன்." ரூபன் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த விமர்சனம் அது ஒன்றுதான். நான் வாசிப்பதை வாரா வாரம் உட்கார்ந்து கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

சரி, உன் காரணத்துக்கு வருகிறேன். எஸ்தர் சித்தி கல்யாணம். பூந்தமல்லி சர்ச். ஆர்கன் வாசிக்கிறவருக்கு அன்றைக்குக் காலையில் காய்ச்சல். அம்மா என்னிடம் வந்து, "என் தங்கச்சிக்காக ஒரே ஒரு மெட்டு வாசிங்க, அவ நடந்து வந்து மேடைகிட்ட நிக்கிற வரைக்கும் போதும்" என்றாள். உனக்கு எட்டு வயது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் வில் டையும் கட்டி, சித்தியின் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டியவன் நீ. நம் சர்ச்சில் பெண் சும்மா நடந்து வந்துவிட முடியாது என்பது உனக்கே தெரியும். ஒரு அடி வைத்து, நின்று, அடுத்த அடி. மெட்டின் தட்டுக்கு ஒரு அடி. அதற்காகவே சித்தி ஒரு வாரம் நம் வீட்டுக் கூடத்தில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து பழகினாள். புடவை தடுக்கி இரண்டு தடவை விழுந்தாள்.

முதல் இரண்டு வரி சாக்ஸபோனில் ஒழுங்காகத்தான் வாசித்தேன். மூன்றாவது வரியில் ஒரு நீண்ட சுரம் வந்தது. அந்த சர்ச்சின் உயரமான கூரை அந்தச் சுரத்தை வாங்கி எனக்கே திருப்பிக் கொடுத்தது. பட்டறைத் தகரக் கூரையில் அப்படி ஒரு பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் அதற்கு ஒரு பதில் சொன்னேன். அதுவும் திரும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், போய்விட்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது சித்தி பாதி வழியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பூ தூவ வந்த குழந்தை தரையில் உட்கார்ந்து கூடையை ஆராய்ந்துகொண்டிருந்தது. பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் செய்த தப்பைக் கேள். தாளத் தட்டை விட்டது தப்புதான், அதற்கு மேலே ஒரு தப்பு இருக்கிறது. அவள் என் வாசிப்பைக் கேட்டு உருகி அழுகிறாள் என்று நினைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஜீவன் என் இசைக்கு அழுகிறது என்று நெஞ்சு நிமிர்ந்து, சித்திக்காக இன்னும் கொஞ்சம் வாசித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அம்மாவிடம் போய்ப் பெருமையாக, "பார்த்தியா, உன் தங்கச்சி அழுதுட்டா" என்றேன். அம்மா கையிலிருந்த பிரியாணி கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அவ நடக்க முடியாம அழுதா. எப்ப கால எடுத்து வைக்கிறதுன்னு தெரியாம, நானூறு பேர் பாக்க நின்னு அழுதா" என்றாள். நீ பக்கத்தில் நின்றிருந்தாய். "ஆமாப்பா, சித்தி கால் நடுங்கினே இருந்துச்சு. நான் துணியப் புடிச்சுனு இருந்தேன்ல, எனக்குத் தெரிஞ்சுது" என்றாய். அம்மா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சித்தி இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நம் வீட்டுக்கு வரும்போது சாக்ஸபோன் பெட்டி இருக்கும் பக்கம் உட்காராமல் இந்தப் பக்கம் வந்து உட்காருவாள், அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்து கிளாரினெட் எடுத்தாய். நான் உனக்கு ஒரு சுரம் சொல்லிக் கொடுத்ததில்லை, எனக்கு நேரம் இருந்ததில்லை. நீயே புத்தகத்தைப் பார்த்து, மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று மாதம் ஒரே பாட்டைப் பழகி, ஆவடியில் நடந்த போட்டியில் வாசித்தாய். ஒரு பிசிறு இல்லை. இரண்டாம் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "புத்தகத்த வாசிச்சே. அதுல நீ எங்கடா இருந்தே?" என்றேன். ஏதோ பெரிய ஞானம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு திருமுல்லைவாயில் வருகிற வரைக்கும் அதையே விளக்கிக்கொண்டு வந்தேன். என் பத்து வருஷத்து எரிச்சலை எல்லாம், கையில் ஒரு சின்னக் கோப்பையை வைத்துக்கொண்டிருந்த பதினாலு வயதுப் பையன்மேல் கொட்டினேன். அடுத்த திங்கட்கிழமை கிளாரினெட்டைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

ரூபன் மாமா ஏன் வருவதை நிறுத்தினான் என்று நீ ஒரு தடவை கேட்டாய். பட்டறை இடம் மாறிவிட்டது என்று சொல்லி மழுப்பினேன். பொய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்து முடித்து நிமிர்ந்தால், அவன் டிரம்ஸுக்குப் பின்னால் இல்லை, வாசல்படியில் நின்றுகொண்டிருக்கிறான். "மாமே, நீ வாசிக்கிறது நல்லாத்தான் கீது. ஆனா நான் அடிக்கிறத நீ எப்பனா கேட்டுகிறியா? நான் நிறுத்திட்டு, பாய்கிட்ட போயி டீ குடிச்சிட்டு, அவரு புள்ள கத எல்லாம் கேட்டுட்டு வந்து நிக்கிறேன். நீ இன்னும் கண்ணே தொறக்கல" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. எதிரில் இருப்பவனைக் கேட்டு வாசிக்கிற இசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எதிரில் ஆள் இல்லை என்பதுகூடத் தெரியாமல் வாசித்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அதற்குப் பிறகு தனியாகவே வாசித்தேன். தனியாக வாசிக்க வாசிக்க, உலகத்தில் யாருக்கும் காது இல்லை என்ற என் புலம்பல் மட்டும் வளர்ந்தது.

அச்சகத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள், வீம்புக்கு, சர்ச் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்து அந்த மெட்டை எழுதியிருக்கிறபடியே வாசித்துப் பார்த்தேன். இவன் என்ன எனக்கு நிபந்தனை போடுவது, இதை என்னால் தூக்கத்தில்கூட வாசிக்க முடியும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை சாமு. முன்பல் ஒன்று போனதிலிருந்து வாய் சாக்ஸபோனைக் கெட்டியாகப் பிடிக்கமாட்டேன் என்கிறது. எட்டு வரி போவதற்குள் விரல் தன்பாட்டுக்கு வேறு எங்கோ ஓடுகிறது. நேராக நடக்க மறந்துபோன ஆள் மாதிரி ஆகிவிட்டேன். மூன்றாவது நாள் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. வெங்காயம் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் நடக்கிறேன், நீங்க வாசிங்க. யாராச்சும் நடந்தாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்" என்று அடுப்படி வாசலில் போய் மணப்பெண் மாதிரி நின்றாள்.

புத்தகத்தில் உள்ள வேகத்தில் தொடங்கினேன். நாலாவது அடியில், "நில்லுங்க, என் காலு வரல" என்றாள். நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன், மெதுவாக. அவளுக்கு இடது முட்டிதான் மோசம். இடது காலை எடுத்து வைக்க ஒரு மூச்சு அதிகம் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருந்தது. இடது கால் தூக்கினால் சுரத்தை நீட்டினேன், ஊன்றினால் அடுத்த சுரம். எழுதியிருந்ததில் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. ஆனால் நேரம் முழுக்க அவளுடையதாக இருந்தது. அடுப்படியிலிருந்து வாசல் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே நின்று கதவைப் பிடித்துக்கொண்டு, "இப்டி வாசிக்கத் தெரியுமா உங்களுக்கு? அப்புறம் ஏன் இத்தினி வருசம்?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வாசிப்பு அதுதான். என் பெண்டாட்டி அந்த வீட்டில் தினமும் நடந்துகொண்டுதான் இருந்தாள். நான் பார்க்கவில்லை. இந்த வயதில் இது தெரிய வருவதைப்போல ஒரு எரிச்சல் வேறு இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. கடைசியில் முருங்கை மரத்தைத்தான் திட்டினேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா என்ற முறையில் புத்தி சொல்ல எனக்கு இதைவிட வேறு சரக்கு இல்லை. கிரேஸ் எந்தக் காலில் வலியை வைத்துக்கொண்டு நடக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிரு. அவள் அழுதால், உன் திறமையைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று முடிவு கட்டிவிடாதே, என்ன என்று கேள். உனக்குப் பிள்ளை பிறந்து, அது எதையாவது வாசித்துக் காட்டிவிட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்று சொல். அது நன்றாகத்தான் இருந்திருக்கும். நீ ஆவடியில் வாசித்தது நன்றாக இருந்தது சாமு. மிகவும் நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நேற்று அம்மா இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்கு நீ வாசிக்கும்போது மூன்று தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாயாம். நான் மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம்.

உன்மேல் உள்ள கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ என்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நேரில் சொன்னதை நான் எப்போது கேட்டேன் என்று நீ திருப்பிக் கேட்கலாம். எனக்கு இந்த வாசிப்பு வந்துவிட்டது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, தினமும் அம்மா கூடத்தில் நடக்கிறாள். நேற்று எஸ்தர் சித்தி வந்திருந்தாள். அம்மாவுக்கு முட்டி வலிக்கிறதே என்று அவளே எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடைசி வரைக்கும் நடந்து வந்தாள்.

உன் ஆராதனை ஒழுங்கை இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்த்திருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கேள்விக்குறி நீ போட்டது, இருப்பதா போவதா என்பதும் உன் கையில். அதை அழித்து அனுப்பினால், கிரேஸ் எப்படி நடந்தாலும், எங்கே நின்றாலும், அவள் காலைப் பார்த்துக்கொண்டு வாசிப்பேன். அழிக்காவிட்டால் முன்வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி. எதுவானாலும் நீ மேடையிலிருந்து ஒரு தடவை இந்தப் பக்கம் பார். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பேன்.

அப்பா